கழிப்பறைக் காலண்டர்

“எல்லாம் சரிதான் தம்பி. அந்தக் கக்கூஸ் மட்டும் தப்பு” என்றாள் ஆஃப்கே அம்மாள்.

யெல்லேவுக்குச் சுருக்கென்றது. நாலு வருஷம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வரைந்த அனிமேஷன் படம். போர்க்காலத்தில் ஹாலந்தின் தெவெந்தர் ஊரில் ஒரு வீட்டு மேல்மாடியில் பதினேழு மாசம் ஒளிந்திருந்து, கடைசியில் பிடிபட்டு, திரும்பி வராமலே போன ஒரு யூதச் சிறுமியின் கதை.

ஒளித்து வைத்த குடும்பத்தில் இன்றைக்கு உயிரோடு இருப்பது எண்பத்திரண்டு வயது ஆஃப்கே ஒருத்திதான். ‘நடந்தது இப்படித்தான்’ என்று அவள் கையெழுத்துப் போட்டால்தான் படம் வெளியே போகும். காகிதமும் பேனாவும் மேஜைமேல் காத்திருந்தன.

இத்தனைக்கும் படம் ஓடியபோது அவள் ஒரு குறையும் சொல்லவில்லை. அன்னி என்று பொய்ப்பெயர் சூட்டப்பட்ட அந்தப் பன்னிரண்டு வயசுப் பெண், ஆறு வயசு ஆஃப்கேயின் கையைப் பிடித்துச் சிலேட்டில் எழுதக் கற்றுக்கொடுப்பாள். எழுதியதை உடனே துடைத்தும் விடுவாள். அந்த இடத்தில் அம்மாள் வாய்விட்டே அழுதாள்.

போலீஸ்காரன் வரும் காட்சியில் யெல்லேவுக்குத் தனிப் பெருமை. நவம்பர் மாசத்துச் சாயங்காலம். விளக்கு வெளியே தெரியக்கூடாத போர்க்காலம், ஜன்னலில் வெளிச்சம் தெரிகிறது என்று விசாரிக்க வருகிறான். அன்னி மாடியில் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறாள். வந்தவன் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறான், கழிப்பறைக்குப் போகிறான், திரும்பி வந்து சிக்கரிக் காப்பி குடிக்கிறான், நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புகிறான். வீடே அப்பாடா என்று உட்காருகிறது. மறுநாள் விடிந்ததும் வாசலில் லாரி நிற்கிறது.

காட்டிக்கொடுத்தது பேக்கரி லாமெர்ட். இது யெல்லேயின் கற்பனை இல்லை, ஊரே சொன்னது. அந்த வீட்டுக்கு ரொட்டி கூடுதலாகப் போகிறதே என்று அந்த மனுஷர் ஒரு நாள் கேட்டுத் தொலைத்திருந்தார், அது போதாதா? போர் முடிந்ததும் அவர் கடையை ஒருத்தரும் மிதிக்கவில்லை. ஆறே மாசத்தில் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரைவிட்டுப் போய்விட்டார்.

படத்தில் லாமெர்ட் முகம் வந்தபோதெல்லாம் ஆஃப்கே அம்மாள் குனிந்து தன் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷம் கழித்தும் கோபம் ஆறவில்லை போலும் என்று யெல்லே நினைத்துக்கொண்டான்.

“கக்கூஸ்ல என்னம்மா தப்பு?”

“அந்தக் காலண்டர்.”

யெல்லேவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறந்தநாள் காலண்டர் தொங்காத கழிப்பறை ஹாலந்தில் எங்கே இருக்கிறது? மாசத்துக்கு ஒரு தாள், கிழமை கிடையாது, வருஷா வருஷம் அதே காலண்டர்தான். கதவைச் சாத்திக்கொண்டு உட்காருகிறவரின் கண்ணுக்கு நேரே அத்தை, மாமா, பக்கத்து வீட்டுக்காரர் என்று எல்லார் பேரும் இருக்கும். வாழ்த்துச் சொல்ல மறந்துவிட்டேன் என்று யாரும் தப்பிக்க முடியாது.

“உங்க வீட்ல மட்டும் இல்லையாக்கும்? அதைக் காட்டக் கூச்சமா இருந்தா சொல்லுங்க, அழிச்சிடறேன். அரை நாள் வேலை.”

“அழிக்காதே தம்பி. அது இருந்துச்சு. அந்தத் தாளைக் கொஞ்சம் பெரிசாக் காட்டு.”

திரை முழுக்க நவம்பர் மாசத் தாள் விரிந்தது. யெல்லே அதை வெறுமையாகவே விட்டிருந்தான். அந்தக் குடும்பத்தில் நவம்பரில் யார் பிறந்தார்கள் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? அம்மாள் எழுந்து போய், பத்தொன்பதாம் தேதிமேல் விரலை வைத்தாள்.

“இங்க ஒரு பேர் இருந்துச்சு. பென்சில்ல, கொட்டை கொட்டையா. ரெபெக்கா போலாக்.”

அது அன்னியின் சொந்தப் பெயர். படித்தவுடனே யூதப் பெயர் என்று யாருக்கும் தெரிந்துவிடும். கழிப்பறைக்குள் போகும் போலீஸ்காரனை யெல்லே நூறு தடவையாவது வரைந்திருப்பான். அந்த ஆள் உள்ளே எதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. பாவம், லாமெர்ட்.

லாரி போன பிறகு தன் தாயார் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டதை அம்மாள் சொன்னாள். சாகும்வரை அதைப் பற்றித் தாயார் வாயே திறக்கவில்லையாம். ஊர் சேர்ந்து லாமெர்ட்டைத் தூற்றியபோதும் வீட்டில் எல்லாரும் பேசாமலே இருந்தார்களாம்.

யெல்லேவுக்கு அந்தச் சிறுமிமேல்கூடக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே வெட்கமும் வந்தது. பதினேழு மாசமாக வேறு யாரோ ஒருத்தியின் பெயரில் அடைந்து கிடந்தவள். வீட்டில் எல்லார் பிறந்தநாளும் சுவரில் இருக்கிறது, அவளுடையது மட்டும் இல்லை. குழந்தைதானே, ஆசைப்பட்டுவிட்டாள்.

“தன் பேரைத் தானே எழுதி வச்சு மாட்டிக்கிட்டாளே” என்றான் மெல்ல.

ஆஃப்கே அம்மாள் இல்லை என்று தலையை ஆட்டினாள். கன்னத்தில் வழிந்ததை அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

“நான் எழுதினது தம்பி. அவளுக்குப் பிறந்தநாள் பரிசு.”