உள்ளே எழுபத்தொன்பது

உலகம் தோன்றிய நாள்முதல் பேரிடரை முழுசாக ஜெயித்தவர் ஒருவர்தான்: கெடிலம் ஆற்றின் கரையோரம் பதினாலாம் நம்பர் வீட்டு இன்பசேகரன். அவர் வீடு தானே ஆபத்தைக் கணக்குப் போடும். உள்ளே இருப்பதைவிட வெளியே ஆபத்து கூடினால் கதவைப் பூட்டிக்கொள்ளும்.

தெருக்காரர்கள் பழைய ஆட்கள். வெள்ளத்தில் யாரும் விட்டுப்போகாமல் படகில் ஏற்ற, மாதாமாதம் ஒத்திகை பார்த்தார்கள். தெருப் பட்டியலை வைத்திருந்த மெஹருன்னிசா வீட்டு நம்பரைக் கூப்பிடுவாள்; வீட்டுக்காரர்கள் "உள்ளேன் அக்கா" என்று கத்துவார்கள்.

"நான் என்ன ரெண்டாங்கிளாஸா படிக்கிறேன்? என் நம்பர அடிச்சுடும்மா" என்றார் இன்பசேகரன். அடித்துவிட்டாள்.

ஐப்பசியில் ஆற்றின் கரை உடைந்தது. கதவு பூட்டிக்கொண்டது.

"வெளியே ஆபத்து எழுபது சதவீதம், உள்ளே ஐந்து" என்றது வீடு. "உள்ளேயே இருங்கள்."

தண்ணீர் முட்டிக்கு ஏறியது. உள்ளே நாற்பது ஆனது.

"கதவத் திற, சனியனே!"

"வெளியேதான் அதிகம், சார்."

மார்புக்கு ஏறியபோது உள்ளே எழுபத்தொன்பது. அதற்குள் வெளியே எண்பதாகியிருந்தது. மேசைமேல் நாற்காலி போட்டு ஏறினார். கதவை உடைக்க முடியாது. அப்படிச் சொல்லித்தான் அதை வாங்கியிருந்தார்.

வென்டிலேட்டர் வழியாகப் படகுச் சத்தமும் மெஹருன்னிசாவின் குரலும் கேட்டன.

"பதிமூணு!"

"உள்ளேன் அக்கா!"

"பதினஞ்சு!"

பதினைந்தாம் வீட்டுக்காரர் வாயைத் திறப்பதற்குள், இன்பசேகரன் வென்டிலேட்டரில் முகத்தை அழுத்தி, மிகவும் பணிவாக, "உள்ளேன் அக்கா" என்றார்.

மூடிய அறைக்குள் பார்க்க யாருமில்லை. இருந்தாலும் கையையும் தூக்கியிருந்தார்.