தடை செய்யப்பட்ட பதில்

ஆசையே வருவதில்லை என்று சியாமளா கணவன் தயாளனோடு மருத்துவரிடம் போனாள். "எல்லாருக்கும் ஆசை முதல்ல வராதும்மா. சிலருக்குத் தொட்ட பிறகுதான் வரும்," என்றார் அவர். இரண்டு வாரம் உறவு கூடாது. தினமும் கால்மணி நேரம் தயாளன் அவள் கையை மட்டும் வருட வேண்டும். எப்படி என்று அவள்தான் சொல்ல வேண்டும். 'உங்க இஷ்டம்' என்று மட்டும் சொல்லக்கூடாது.

முதல் நாள் அவன் அவளுடைய முழங்கையைத் தொட்டு, "இங்கயா?" என்றான்.

"உங்க..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். ஒன்பது வருடமாக அவளிடம் வேறு பதில் இருந்ததில்லை.

"டாக்டர்கிட்ட போட்டுக் குடுத்துருவேன்," என்று சிரித்தான்.

அவள் தன் முழங்கைமேல் இருந்த அவன் கையைப் பார்த்தாள். "கைய எடுங்க."

எடுத்துவிட்டான். "கோவமா?"

"இல்ல. சொன்னா எடுப்பீங்களான்னு பாத்தேன்."

பிறகு தன் கையைத் திருப்பி, உள்ளங்கை மேலே தெரிய அவன் மடியில் வைத்தாள்.