உள்ளே சாய்ந்த தூண்

அது வசந்தகாலம்தானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. சீனாவின் ஷான்ஷி மாகாணத்து மலைக்கோயிலில், பழுதுபார்க்கப் பிரித்த கூரையைத் திரும்பக் கோத்துக்கொண்டிருக்கிறோம். ஆயிரம் வருடத்துத் தாங்குகட்டை ஒன்று மூலைத்தூணின் தலையில் உட்கார மறுக்கிறது. அதைக் கழித்துவிட்டுப் புதிதாகச் செதுக்கச் சொல்கிறார் பொறியாளர் துவான். தச்சு வேலை செய்யும் மியாவ் அக்கா தூணை ஏற இறங்கப் பார்த்துச் சிரிக்கிறார். "கட்டை மேல தப்பில்ல சார். தூக்குக்குண்டு வச்சு தூண நேரா நிறுத்திட்டீங்க. அந்தக் காலத்துல உள்பக்கமா சாய்ச்சுல்ல நடுவாங்க!" "அடடா, படிச்ச புத்தி!" என்று துவான் தலையில் அடித்துக்கொண்டு தானே கயிற்றைப் பிடிக்கிறார். எல்லோரும் இழுக்கிறோம். தூண் இரண்டு விரற்கடை சாய்கிறது. கட்டை டொக்கென்று உட்காருகிறது. வெயிலில் பொன்னாகப் பறக்கும் தூசியில் சாரமே அதிரக் கைதட்டுகிறோம். இப்போது துவான் ஓய்வு பெற்றுவிட்டார். மியாவ் அக்கா வேறு கோயிலில் வேலை செய்கிறார். கட்டை அங்கேயே கூரையைத் தாங்குகிறது.