இரண்டாவது சைலஸ்

"உங்க தாத்தா பெரிய ஃபிராடுப்பா. ரெண்டு வயசுல செத்துப் புதைச்சாச்சு. அப்புறம் எழுந்து வந்து ஜோரா கல்யாணம் பண்ணியிருக்கார்."

நனைந்த கோட்டைக்கூடக் கழற்றாமல், சாப்பாட்டு மேசை மீது வம்சாவளிப் படத்தை விரித்தாள் லொரைன். இங்கிலாந்தின் ஓல்டாம் நகரப் பஞ்சாலையில் நூல் நூற்றே ஆயுசைக் கழித்த சைலஸ் ஆக்டன் மேல் அவளுக்கு அவ்வளவு ஆத்திரம்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவரான அவள் அப்பா சிரில், பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினார். "எங்க வம்சத்துல யாரு சொன்ன நேரத்துக்குப் போயிருக்காங்க? பஸ்ஸே லேட்டாத்தான் ஓட்டினேன்."

"சிரிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை குழந்தைக்கு ஞானஸ்நானம். என் பேத்திக்கு இந்தப் படத்தை ஃபிரேம் போட்டுத் தர்றேன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேன். குளிர்காலம் முழுக்க நான் தேடினது தப்பான பிள்ளையை."

"அப்போ சரியான பிள்ளை யாரு?"

"இன்னிக்குத்தான் நூலகத்துல கண்டுபிடிச்சேன். மாதாகோயில் பதிவுல சைலஸ் ரெண்டு பேர். மூத்தவன் காய்ச்சல்ல போயிட்டான். அடுத்துப் பிறந்தவனுக்கு அதே பேரைத் தூக்கி வெச்சுட்டாங்க. நம்ம சைலஸ் ரெண்டாவது."

சிரில் ஆச்சரியப்படவில்லை. "அது வழக்கம்தானே கண்ணு. நல்ல பேரு, ரெண்டு வருஷம்தான் புழங்கினது. மில் ஜனங்க எதைத் தூக்கிப் போட்டாங்க? அண்ணன் செருப்பு, அண்ணன் கோட்டு, அண்ணன் பேரு."

"பேரும் கோட்டும் ஒண்ணா? அந்த மனுஷனை ஒவ்வொரு தடவை கூப்பிடும்போதும் அவங்கம்மா மனசுல யார் வந்திருப்பான்? ஆயுசு பூரா இன்னொருத்தனுக்குப் பதிலா வாழ்ந்திருக்கார். ஒருத்தராவது அவர்கிட்ட சொன்னாங்களா?"

"தெரிஞ்சா என்ன ஆகப் போகுது?"

"ஏமாத்தினாங்கன்னாவது தெரிஞ்சிருக்கும்."

சிரிலின் கையில் ஊறிய பிஸ்கட் உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

சைலஸின் பழைய பிறந்த வருஷத்தை அடித்துவிட்டுப் புதியதை எழுதினாள் லொரைன். குடும்ப வரலாற்று வகுப்பில் முதல் நாளே, 'முதலில் உங்கள் சொந்தப் பெயரைப் பதிவில் தேடுங்கள்' என்று சொல்லியிருந்தார்கள். என்னைப் பற்றி எனக்குத் தெரியாதா என்று அதை மட்டும் அவள் செய்யவில்லை. நேராகக் கொள்ளுத்தாத்தாவிடம் தாவிவிட்டாள்.

விரலெல்லாம் மை. எழுந்துபோய்க் குழாயைத் திறந்தாள். வெந்நீர் வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

பேச்சை மாற்றுகிறவர் போல சிரில் சொன்னார். "நகராட்சி இந்த வீட்டைக் கொடுத்த அன்னிக்கு, அந்தக் குழாயைத் திறந்துட்டு உங்கம்மா அழுதா. வெந்நீர் தானா வருதேன்னு. நீ அப்போ வயித்துல. குனியக்கூட முடியாது அவளால."

"அம்மா அழுதாங்களா? அதுவே எனக்குப் புதுச் செய்தி."

அம்மா பெரில் போன வருஷம்தான் காலமானாள். நேரத்துக்குச் சாப்பாடு, துவைத்த சட்டை, சீவிய தலை, எதிலும் குறை வைக்காதவள். ஆனால் மகளைக் கட்டிக்கொண்டதில்லை. கூப்பிடும்போதுகூட "ஏய்", "இங்க வா" என்பாளே தவிர, பெயர் சொல்லிக் கூப்பிட்டதாக லொரைனுக்கு நினைவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து, கைப்பையிலிருந்து ஒரு சின்னப் புகைப்படத்தை எடுத்தாள். ஓரமெல்லாம் மடங்கியிருந்தது. இந்த வீட்டுக்கு வருமுன் பெற்றோர் குடியிருந்த ஸ்பிண்டில் தெருவின் கல் படியில் பெரில் உட்கார்ந்திருக்கிறாள். தெருவுக்குக் குறுக்கே கொடிகளில் துணி காய்கிறது. மடியில் சுருட்டை முடியோடு ஒரு குழந்தை. அதைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"அம்மா இப்படிச் சிரிச்சு வேற ஒரு போட்டோவுலயும் நான் பார்த்ததில்லப்பா."

"ம்."

"உங்களுக்குத் தெரியாது, சின்ன வயசுல அம்மா அலமாரியிலேர்ந்து இதை நான்தான் திருடினேன். அம்மாவுக்கு என்னைப் பிடிக்கலையோன்னு தோணும்போதெல்லாம் எடுத்துப் பார்ப்பேன். ஒரு காலத்துல என்னை மடியில வெச்சு இப்படிச் சிரிச்சிருக்காங்களேன்னு. இது இல்லேன்னா நான் எப்பவோ இந்த வீட்டை விட்டு ஓடியிருப்பேன்."

வம்சாவளிப் படத்தின் கீழ்ப் பகுதியில், 'லொரைன்' என்று எழுதியிருந்த கட்டத்தில் பசையைத் தடவினாள். புகைப்படத்தை அளவு பார்த்துக் கொண்டுபோனாள்.

சிரில் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"என்னப்பா? கோணலா இருக்கா?"

அவர் புகைப்படத்தைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை.

"அந்தக் குழந்தை நீ இல்லம்மா."