கறுக்காத எண்ணெய்

காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஜட்காவை விட்டு இறங்கிய ஷபீ அஹமது சாயபு அந்தக் கால்களைப் பார்த்துத்தான் பேச வேண்டியிருந்தது.

"இன்னா மொதலியார் இது? நீங்களா கீழே படுத்திருக்கீங்க?"

"வேற யார் படுப்பா? டிரைவரைத்தான் அனுப்பிட்டேனே. இனிமே ஓட்டறதும் நான்தான், எண்ணெய் மாத்தறதும் நான்தான்" என்று உள்ளேயிருந்து காசிநாத முதலியாரின் குரல் வந்தது.

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பு நடத்துகிறவர் காசிநாதன். அந்த வருஷம் தோல் விலை பாதாளத்துக்குப் போயிருந்தது. சீமைக்குப் போன சரக்கை ஏன்தான் அனுப்பினோம் என்று ஆகிவிட்டது. ஷாப்புக்குப் போனாலும் அலுப்பு, வீட்டுக்கு வந்தாலும் அலுப்பு. போதாக்குறைக்கு, ஜென்மத்தில் முதல் தடவையாக இந்த இஞ்சின் எண்ணெய் வேலை வேறு தலையில் விழுந்திருந்தது.

"நான் வந்ததே உங்க டிரைவர் விஷயமாத்தான்" என்றார் சாயபு. "வர்ற வாரம் மெட்ராஸ்லேந்து எனக்குக் கார் வருது. வில்சன் வாணியம்பாடிக்கே வந்து வேலை கேட்டான். பொண்டாட்டி ஆக்னஸ் பிள்ளைத்தாச்சியாம், எங்க போய்க் கேட்டாலும் உங்க பேரைச் சொல்லித் திருப்பி அனுப்பறாங்களாம். நீங்க சரின்னா வச்சுக்கறேன். வேணாம்னா விட்டுடறேன்."

"கண்ணாலேயே பார்த்துட்டுப் போங்க. மாசம் பொறந்தா புது எண்ணெய் டின்னு கேப்பான். பழசு கறுத்துப் போச்சு, கீழே கொட்டணும்பான். நம்ம பட்டைத் தண்ணியை மாசாமாசம் கொட்டுவோமா, சொல்லுங்க?"

"கொட்டினா ஷாப்பை மூட வேண்டியதுதான்."

சாயபுவும் தோல்காரர். அந்தத் தொழிலில் ஆவாரம்பட்டை ஊறிய பழைய தண்ணீரை யாரும் லேசில் கீழே விட மாட்டார்கள். ஒரு தொட்டியில் அதன் சத்து குறைந்தால் அடுத்து வருகிற பச்சைத் தோலுக்கு அது ஆகும். பழசு என்றாலே கொட்டுகிறவனைப் பார்த்தால் இருவருக்குமே வயிறு எரியும்.

"அதைத்தான் சொல்றேன். புது டின்னை வெளியே வித்துட்டு, உள்ளே இருக்கறதையே வச்சு ஓட்டியிருக்கான். கேட்டா கர்த்தர் மேல சத்தியம் பண்றான். இன்னிக்குத் திறந்து பார்த்துடறேன். எண்ணெய் கறுப்பா வந்தா நான் மடையன். தெளிவா வந்தா, கறுக்கும்னு சொன்ன அவன் திருடன்."

சபதம் போட்டாயிற்று. திருகுதான் அசையவில்லை. அது எந்தப் பக்கம் திரும்பும் என்பதே முதலியாருக்குத் தெரியாது. வலப்பக்கம் திருகினார், இடப்பக்கம் திருகினார். ஸ்பேனர் நழுவி நெற்றியைப் பதம் பார்த்தது. வில்சனையும் அவன் பரம்பரையையும் ஒரு பாட்டம் திட்டி முடித்த பிறகு திருகு பட்டென்று விட்டுக்கொடுத்தது. பாதி எண்ணெய் தட்டில் இறங்கியது, மீதி அவர் சட்டைக் கைக்குள் இறங்கியது.

முனகிக்கொண்டே தட்டை வெளியே தள்ளிவிட்டு எழுந்து வந்தார்.

"பாருங்க சாயபு."

சாயபு ஒரு விரலால் தொட்டு வெயிலில் பார்த்தார். எண்ணெய் தேன் மாதிரி இருந்தது. கறுப்பு என்று பேருக்குக்கூட இல்லை.

"அப்ப, கறுத்துப் போகும்னு அவன் சொன்னதெல்லாம் டூப்பா?"

"நீங்களே பார்க்கறீங்களே."

"அவன் முகத்தைப் பார்த்தா அப்படித் தெரியலை மொதலியார். பேஜாரான காலம். யாரைத்தான் நம்பறது?" சாயபு பெருமூச்சு விட்டார். "சரி, அவனை வேணாம்னு சொல்லிடறேன்."

காசிநாதனுக்கு ஜெயித்த சந்தோஷமே வரவில்லை. நாலு வருஷம் வில்சனை நம்பி, உயிரை அவன் கையில் கொடுத்துக் காரில் உட்கார்ந்து போனவர் அவர். பாழாய்ப்போன எண்ணெய் கறுப்பாகவே வந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அசதியில் அப்படியே காரின் படியில் உட்கார்ந்துவிட்டார்.

சாயபுவுக்குச் சோடா வாங்கப் போயிருந்த வாட்ச்மேன் வேதாசலம் அப்போதுதான் வந்தான். சாயபு ஜட்காவில் ஒரு காலை வைத்திருந்தார். வேதாசலத்தின் கண் தட்டில் போய் நின்றது.

"இன்னா மொதலாளி, நல்ல எண்ணெயைப் போய் இறக்கிட்டீங்க?"

"நல்ல எண்ணெய்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"வில்சன் போன வாரம் மாத்தினதுதானே? அப்புறம் வண்டி ஷெட்டை விட்டு நகரவே இல்லியே. பழசு தார் கணக்கா வந்துது. நான்தான் கொண்டுபோய்க் கொட்டினேன்."

சாயபு ஜட்காவில் வைத்த காலைக் கீழே இறக்கினார்.

"போன வாரம் என்னிக்கு?" என்றார் காசிநாதன்.

"நீங்க அவனைத் திருடன்னு சொல்லி வெளியே போகச் சொன்னீங்களே, அன்னிக்குச் சாயங்காலம்தான். கண்ணைத் தொடைச்சுக்கிட்டு நேரா வண்டிக்கு அடியில போய்ப் படுத்தான். வேலைதான் போய்டுச்சே, இன்னும் இதெல்லாம் எதுக்குடான்னு கேட்டேன். 'மொதலாளி இனிமே தானே ஓட்டிக்கிட்டுப் போவாரு. இந்த வேலை அவருக்குத் தெரியாது, பாவம். வேற ஆள் அமையற வரைக்கும் வண்டி அவரை நடுரோட்டுல விட்டுடாம இருக்கட்டும்'னான்."