சிலுப்பாத தலைவர்

பூசாரிக்கு எதிர்க்கட்சி என்றால் கோயில் பட்டியில் நின்ற ஆடுகள்தான். மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் பழைய தலைவர் தலையைச் சிலுப்பிவிட்டார்; அதையே சம்மதம் என்று சொல்லி வெட்டிவிட்டார்கள். சிலுப்பாத ஆட்டை வெட்டும் வழக்கம் அங்கே இல்லை.

"என்ன ஆனாலும் நான் சிலுப்ப மாட்டேன்" என்று சத்தியம் செய்த செவலைக் கிடாயை ஆடுகள் புதுத் தலைவராக்கின.

மறுநாளே செவலையின் முறை வந்தது. முதல் செம்புக்குக் கல்லாக நின்றது. இரண்டாவதுக்குப் பல்லைக் கடித்துக்கொண்டது. பூசாரிக்கு என்ன அவசரம்? குடம் நிறையத் தண்ணீர் இருந்தது. ஏழாவது செம்பு காதுக்குள் இறங்க, உடம்பு தன்னால் சிலிர்த்து உதறியது.

குலவைச் சத்தத்துக்கு நடுவிலும், பட்டியிலிருந்து வந்த கிழட்டு வெள்ளாட்டின் குரல் செவலைக்குத் தெளிவாகக் கேட்டது.

"இவனும் விலைபோயிட்டான். சரி, அடுத்து யாரு நிக்கிறீங்க?"