அனுஷியாவின் தீக்காயங்கள்

"என்ட தங்கச்சிக்கே சூடு வைக்கிறியாடா?"

ஜீவராஜின் கைத்தடி அனுஷியாவின் கணவன் கோகுலனின் முகத்தில் இறங்கியது. உதடு கிழிந்தது.

"நான் வைக்கேல்ல மச்சான்."

"அப்ப அவள்ட கையெல்லாம் எப்பிடி வெந்தது?"

"சொல்ல மாட்டன் எண்டு அவளுக்குச் சத்தியம் பண்ணியிருக்கன்."

மறுபடி அடி விழுந்தது. வாயெல்லாம் இரத்தம்.

கொட்டாஞ்சேனை வீட்டின் பின்பக்கக் கொட்டகையிலிருந்து அனுஷியா கிரீஸ் கையோடு ஓடிவந்தாள்.

"அடிக்காதீங்க அண்ணா! உங்கட பிறந்தநாளுக்கு நான்தான் சைக்கிளுக்கு மோட்டர் பூட்டுறன். இது வெல்டிங் பொறி தெறிச்ச காயம். வந்து பாருங்க!"

கொட்டகையில் நின்ற சைக்கிளின் வலப்பக்கம் மிதிகட்டை இல்லை. ஜீவராஜின் மடங்காத காலை வைக்க ஒரு தட்டும், கைத்தடியைச் செருக ஒரு வளையமும் இருந்தன.

கோகுலன் இரத்தத்தைத் துப்பினான்.

"அந்தத் தடியைக் கொஞ்சம் தாங்க மச்சான். வளையம் சரியோ எண்டு பார்ப்பம்."